சைக்கிள் பிரேக்குக்கு எந்த எண்ணெய்?
விலையைப் பார்க்காதீர், உள்ளே இருக்கும் ரப்பரைப் பாருங்கள்!

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரையுள்ள எல்லைப்புறக் கிராமங்களில் சமதரை குறைவு. ஓர் ஏற்றம் முடிந்தால் ஓர் இறக்கம். அந்த இறக்கம் பல இடங்களில் பஸ்ஸும் லாரியும் ஓடும் பெரிய சாலையில் போய் முட்டும். காலை ரயிலைப் பிடிக்க இந்த வழியில் சைக்கிளில் விரையும் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் பிரேக்தான் உயிர்.

நம்மவர்களின் சைக்கிள்களில் பெரும்பாலானவை கம்பி பிரேக் அல்லது ஒயர் பிரேக் கொண்டவை. அவற்றுக்கு எண்ணெய்ப் பிரச்னையே கிடையாது. ஆனால் இப்போது கியர் சைக்கிள்களில் எண்ணெய் பிரேக் வரத் தொடங்கியிருக்கிறது. பெரும்பாலும் டிஸ்க் வகை. ரிம்மையே இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் எண்ணெய் பிரேக்கும் உண்டு. அது நம் பக்கத்தில் அபூர்வம். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சைக்கிளை வாங்குபவர் கையில் அகப்படலாம்.

ரிம் எண்ணெய் பிரேக்கில் பெயர் பெற்றது மகுரா என்ற ஜெர்மானிய நிறுவனம். பாட் உராக் என்ற ஊரில் 1893-ல் தொடங்கப்பட்டது. 1987-ல் இந்த பிரேக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

வேலை செய்வது எப்படி?

கைப்பிடியை அழுத்தினால் மெல்லிய குழாயில் உள்ள எண்ணெய் தள்ளப்படுகிறது. அது சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள சிறு பிஸ்டன்களை நகர்த்துகிறது. பிஸ்டன்கள் பிரேக் கட்டையை ரிம்மோடு சேர்த்து அழுத்துகின்றன. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். எனவே குழாயில் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் கைப்பிடி பஞ்சு போல உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் மெக்கானிக்குகள் 'ஏர் எடுப்பது' என்கிறார்கள். புது எண்ணெய் ஊற்ற வேண்டிய வேளை அதுதான். தவறு நடப்பதும் அப்போதுதான்.

பக்கத்துக் கடை பாட்டில்

ஆட்டோ, மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடைகளில் எல்லாம் 'டாட் 3', 'டாட் 4' என்று எழுதிய பிரேக் ஆயில் பாட்டில் இருக்கும். "பிரேக் ஆயில்தானே!" என்று அதையே சைக்கிளுக்கும் ஊற்றத் தோன்றும். மகுரா ரிம் பிரேக்கில் அதை ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது.

காரணம் உள்ளே இருக்கும் ரப்பர் சீல். டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைக்கால் வகைத் திரவங்கள். அவற்றைத் தாங்கும் ரப்பர் ஒரு வகை. மினரல் ஆயிலைத் தாங்கும் ரப்பர் வேறு வகை. ஆள் மாறி ஊற்றினால் ரப்பர் ஊதிப்போகும், இளகிவிடும். பிஸ்டன் இறுகிப் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும், அல்லது எண்ணெய் கசிந்து பிரேக்கே இல்லாமல் போகும். ஊற்றிய அன்றே தெரியாது. சில நாள் கழித்து, இறக்கத்தில் தெரியவரும்!

இதன் மறுபக்கமும் உண்மை. சைக்கிளுக்கு வாங்கிய மினரல் ஆயிலை ஆட்டோவிலோ மோட்டார் சைக்கிளிலோ ஊற்றினாலும் அதே ஆபத்துதான்.

'அதிகச் சூடு தாங்கும்' - தேவையா?

டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்காது. இதைச் சொல்லி "இதுதான் உயர்ந்த சரக்கு" என்று விற்பவர்கள் உண்டு. ஆனால் ரிம் பிரேக்கில் சூடு ஏறுவது ரிம்மில்தான், எண்ணெயில் அல்ல. ஆகவே கொதிநிலைக் கணக்கு இங்கே பயன்படாது. ரப்பருக்கு ஒத்துப்போகிறதா, எண்ணெய் மெல்லியதா என்ற இரண்டே கேள்விகள்.

டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பெயிண்டையும் அரிக்கும். மினரல் ஆயிலுக்கு இந்த இரு குணங்களும் இல்லை.

எதை வாங்குவது?

முதல் தேர்வு, பிரேக் செய்த நிறுவனமே விற்கும் எண்ணெய். மகுராவுக்கு 'ராயல் பிளட்' என்ற நீல நிற மினரல் ஆயில். அது கிடைக்காதபோது, சைக்கிள் பிரேக்குக்கென்றே விற்கப்படும் ஷிமானோ மினரல் ஆயிலைப் பயன்படுத்துவோர் உண்டு. அதுவும் மினரல் வகை, மெல்லியது. ஆனால் நிறுவனத்தின் உத்தரவாதம் அதற்குக் கிடைக்காது.

என்ஜின் ஆயில் கெட்டியானது. கைப்பிடி திரும்பி வரச் சுணங்கும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை நினைக்கவே வேண்டாம். சுமார் 24 டிகிரியில் அது உறையும் என்பது மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். குழாய்க்குள் உறைந்தால் என்ன ஆகும்?

ஒரு எளிய சோதனை

பழைய சைக்கிள் வாங்கியவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்ற சந்தேகம் வரும். நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தம்ளர் நீரில் விடுங்கள். மினரல் ஆயில் மிதக்கும். டாட் 3, 4, 5.1 நீரோடு கலந்துவிடும். மகுரா பிரேக்கில் எடுத்த சொட்டு கலந்துவிட்டால் அந்தச் சைக்கிளை ஓட்டாதீர்கள். எண்ணெயை மாற்றினால் மட்டும் போதாது. ஊதிய சீல் உள்ள பாகங்களையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஏர் எடுக்கும்போது கைப்பிடியிலுள்ள சரிசெய்யும் திருகை முழுவதும் தளர்த்துங்கள். கீழே சக்கரப் பக்கத்திலிருந்து ஊசிக் குழலால் எண்ணெயை மெதுவாக மேலே தள்ளுங்கள். கைப்பிடி முனையில் குமிழி வருவது நின்றபின் மூடுங்கள். சில மில்லி லிட்டர்தான் பிடிக்கும். ரிம்மிலும் கட்டையிலும் எண்ணெய் படக் கூடாது; ரிம்மில் பட்டால் ஸ்பிரிட்டால் துடையுங்கள். இது மூடிய அமைப்பு. கசிவோ காற்றோ இல்லாவிட்டால் ஆண்டுதோறும் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் ஓர் எச்சரிக்கை. எத்தனை நல்ல எண்ணெயானாலும் ரிம் நனைந்தால் பிடிப்பு குறையும். இடவப்பாதியிலும் துலாமழையிலும் இறக்கத்தின் உச்சியிலேயே பிரேக்கை இலேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்வது நல்லது.

பழுதுக்கு விடும்போது 'மினரல் ஆயில் மட்டும்' என்று ஒரு அட்டையில் எழுதி ஹேண்டில் பாரில் கட்டிவிடுங்கள். மலையாளத்திலும் எழுதுங்கள். கடைக்காரரிடம் வாயாலும் ஒருமுறை சொல்லுங்கள்.