கவிதை எழுதினால் அரசாங்க வேலை: சீனாவிலிருந்து சிங்கப்பூர் வரை

“டீச்சர், இலக்கியம் எடுத்தா எந்த வேலைக்குப் போகலாம்?”

செங்காங்கில் நான் கற்பிக்கும் உயர்நிலை இரண்டு வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் அவர் கையில் இருந்தது. கேலியாகக் கேட்கவில்லை. வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

கவிதை எழுதத் தெரிந்தால்தான் உயர்ந்த அரசாங்க வேலை என்று இருந்த நாடு ஒன்று உண்டு. அந்த நாட்டின் அதிகாரிகள் இருவர் நம் சிங்கப்பூரிலும் வேலை பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதையை மாணவர்களோடு பேசிப் பார்க்கலாம் என்பதால் இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

தேர்வுத்தாளில் கவிதை

சீனாவில் டாங் அரசமரபுக் காலத்தில் (618–907) அரசு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க நடந்த தேர்வுகளில் மிகவும் மதிப்புப் பெற்றது ‘சின்ஷி’. அதில் கவிதை எழுதுவதும் ஒரு பகுதியாயிற்று. தலைப்பைத் தேர்வாளரே கொடுத்துவிடுவார். பெரும்பாலும் பன்னிரண்டு வரி, வரிக்கு ஐந்து எழுத்து, சொன்ன இயைபு. நம் வெண்பாவுக்குத் தளை பார்ப்பதுபோல அங்கேயும் ஒலி பார்த்து மதிப்பெண் போட்டார்கள்.

வரி வசூலிக்கப் போகிறவருக்குக் கவிதை எதற்கு? பழைய நூல்களைக் கற்றவரா, கட்டுப்பாட்டுக்குள் தெளிவாகச் சிந்திப்பவரா என்று பார்க்க அது ஒரு வழி. இன்னொன்றும் உண்டு. ஊருக்கு ஊர் பேச்சுமொழி வேறுபட்ட பெரிய நாட்டில், எல்லா அதிகாரிகளுக்கும் பொதுவாக இருந்தது எழுத்துமொழிதான். விருந்தானாலும் பிரிவானாலும் ஒருவருக்கொருவர் கவிதை எழுதிக்கொள்வது அவர்களுடைய வழக்கம்.

ஆனால் நல்ல கவிஞர் எல்லாரும் தேர்வில் வென்றார்களா? இல்லை. பாய் ஜூயி 800ஆம் ஆண்டில் வென்று அதிகாரியானார். லி பாய் தேர்வே எழுதவில்லை. தூ ஃபூ எழுதினார், தோற்றார். 747இல் அவரோடு எழுதிய அத்தனை பேரையும் அமைச்சர் லி லின்ஃபு தோற்கடித்துவிட்டார். இன்று சீன இலக்கியத்தில் லி பாய், தூ ஃபூ இருவருக்கும் மேலாக யாரையும் சொல்வது கடினம்.

கவிதை வேண்டாம் என்றவர்

சோங் அரசமரபுக் காலத்தில் அமைச்சர் வாங் ஆன்ஷி இந்த முறையை எதிர்த்தார். அவரும் சிறந்த கவிஞர்தான்! இளைஞர்கள் நாட்டு நிர்வாகத்தைப் படிக்க வேண்டிய வயதில் சொல்லடுக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்பது அவர் வாதம். 1071இல் தேர்விலிருந்து கவிதை நீக்கப்பட்டது. சூ ஷி என்ற கவிஞர் மறுத்தார். நிர்வாகத்துக்கு உதவாது என்று பார்த்தால் கட்டுரையும் உதவாது. ஆனால் கவிதை எழுதித் தேறியவர்களில் எத்தனையோ நல்ல அதிகாரிகள் இருந்திருக்கிறார்களே என்றார்.

அதே சூ ஷி 1079இல் கைதானார். அரசின் கொள்கைகளைத் தம் கவிதைகளில் கேலி செய்தார் என்பது குற்றச்சாட்டு. சில மாதச் சிறைக்குப் பிறகு ஹுவாங்சோ என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். அவருடைய புகழ்பெற்ற படைப்புகள் பல அங்கே பிறந்தவை.

நம் மரபில் இப்படித் தேர்வு இல்லை. ஆனால் கவிதைக்கும் அரசுக்கும் உறவு இருந்தது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். சோழர் இருவரின் சண்டையைத் தணிக்கப் பேசியவர் கோவூர்கிழார். அவர்களுக்குக் கிடைத்தது பதவி அல்ல, பரிசில். அதனால்தானோ என்னவோ, மன்னன் முகத்துக்கு நேரே குறை சொல்லவும் அவர்களால் முடிந்தது.

சிங்கப்பூருக்கு வந்த கவிஞர்கள்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1881இல் சீனப் பேரரசின் தூதராகச் சிங்கப்பூர் வந்தவர் சுவோ பிங்லோங். கவிதை எழுதுபவர். அடுத்த ஆண்டே அவர் ஓர் இலக்கியச் சங்கம் தொடங்கினார். மாதம் ஒரு தலைப்பு கொடுப்பார். வந்த கட்டுரைகளைத் தாமே திருத்துவார். நல்லவற்றுக்குத் தம் சம்பளத்திலிருந்து பரிசு கொடுப்பார். முடிவுகள் ‘லாட் பாவ்’ நாளிதழில் வரும்.

1891இல் அவருக்குப் பின் வந்தவர் ஹுவாங் சுன்சியென். அரசுத் தேர்வில் மாகாண நிலையில் தேறியவர், சீனக் கவிதையைப் புதுப்பித்தவர்களில் முக்கியமானவர். பேசுகிற மொழிக்குக் கவிதை நெருங்கி வர வேண்டும் என்பது அவர் கொள்கை. சங்கத்தை அவர் புதுப் பெயரில் தொடர்ந்தார். தலைப்புகளை இந்த வட்டாரத்து மக்களின் வாழ்க்கையை நோக்கித் திருப்பினார். வெளிநாடு போன சீனர்கள் தாயகம் திரும்பத் தடையாக இருந்த பழைய சட்டம் 1893இல் நீங்கியதில் அவருடைய அறிக்கைக்கும் பங்கு உண்டு. தாமரை, செவ்வந்தி, பீச் மலர் மூன்றையும் ஒரே குவளையில் வைத்து, பல இனத்தார் சேர்ந்து வாழ்வதைப் பற்றி அவர் இங்கே ஒரு கவிதையும் எழுதினார்.

அதே காலத்தில் தமிழும் இங்கே சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகர் அந்தாதி’ 1887இல் இங்கு அச்சானது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சங்கத்தில் எழுதிய வணிகருக்கோ ஆசிரியருக்கோ அதனால் அரசாங்க வேலை கிடைக்கப் போவதில்லை. ஆனாலும் மாதாமாதம் எழுதினார்கள். தேர்வுக்காக வளர்ந்த பழக்கம், கடல் கடந்த ஊரில் தேர்வே இல்லாமல் நின்றது. சீனாவிலேயே அந்தத் தேர்வுமுறை 1905இல் ஒழிந்தது. ஹுவாங் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

வகுப்பில் பயன்படுத்த

வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்கு வாங் ஆன்ஷி, சூ ஷி வாதத்தை அப்படியே இரு அணிகளுக்குக் கொடுக்கலாம். கருத்துவிளக்கக் கட்டுரைக்கு: “ஒருவரின் எழுத்தை வைத்து அவருடைய திறமையை அளக்க முடியுமா?” மனப்பாடம் செய்த தொடக்க வரிகளோடு தேர்வுக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு தகவலையும் சொல்லுங்கள்: டாங் காலத் தேர்வுத்தாள் கவிதைகளில் இன்றும் விரும்பிப் படிக்கப்படுபவை மிகக் குறைவு.

அந்த மாணவிக்கு மறுவாரம் இந்தக் கதையைச் சொன்னேன். வேலை கிடைக்கும் என்று நான் உறுதி கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. “அப்போ தூ ஃபூ ஃபெயிலா டீச்சர்?” என்று சிரித்துவிட்டு, படிவத்தை இன்னும் ஒருநாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.