மாத்தளையிற் கொதிநிலை காணல்

இரசாயன நூல்கள் நீரின் கொதிநிலையை 100 பாகை சதமம் எனவும், கராம்பெண்ணெயின் தலையாய கூறாகிய யூஜினோலின் கொதிநிலையை ஏறக்குறைய 254 பாகை எனவும் கூறும். இவ்வெண்கள் 760 மில்லிமீற்றர் இரச அமுக்கத்திற்கு, அஃதாவது கடல்மட்டத்து அமுக்கத்திற்கு, உரியன. மாத்தளை நகரோ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 360 மீற்றர் உயர்ந்தது. ஆங்கு வளிமண்டல அமுக்கம் 728 மில்லிமீற்றர் அளவினது. ஆதலின் தூய நீர் 98.8 பாகையளவிற் கொதித்துவிடும். நக்கிள்ஸ் மலைத்தொடரில் 1,000 மீற்றருக்கு மேலேறின், 97 பாகையை எட்டுமுன்னரே கொதிக்கும்.

இதன் காரணம் யாதெனின், ஒரு திரவத்தின் ஆவியமுக்கம் புறத்தமுக்கத்திற்குச் சமமாகும் வெப்பநிலையே அதன் கொதிநிலை என்பதாம். 1742ஆம் ஆண்டிலே தம் வெப்பமானி அளவையை வகுத்த செல்சியசு, கொதிநிலை அமுக்கத்தைப் பொறுத்து மாறுமென்பதை உணர்ந்தே அதனை வரையறுத்தார். அவர் கொதிநிலையை 0 எனவும் உறைநிலையை 100 எனவும் குறித்தமை இன்று வியப்பாகத் தோன்றும்; அம்முறை பின்னரே தலைகீழாக்கப்பட்டது.

மாத்தளை மாவட்டம் மிளகு, கராம்பு, சாதிக்காய் முதலிய வாசனைப் பயிர்களுக்குப் பெயர்பெற்றது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையிலேயே உள்ளது. எனவே இவ்விடத்து மாணவனுக்கு யூஜினோலைச் சோதித்தல் பொருத்தமான பயிற்சியாகும்.

பொருள் சில துளிகளே கிடைப்பின், 1886இல் சிவோலபொவ் வெளியிட்ட முறை உதவும். சிறு குழாயொன்றில் அத்துளிகளை இட்டு, ஒருமுனை மூடிய மயிர்த்துளைக் குழாயை மூடியமுனை மேலாக அதனுள் நிறுத்துக. சிறு குழாயை வெப்பமானியோடு கட்டி, உயர்ந்த வெப்பத்தைத் தாங்கவல்ல எண்ணெயில் அமிழ்த்தி மெல்லச் சூடாக்குக. முதலில் ஒன்றிரண்டாக வெளிவரும் குமிழிகள் வளியின் விரிவால் எழுவன. அவற்றைக் கண்டு ஏமாறலாகாது. குமிழிகள் இடையறாது தொடராக எழுந்ததும் சுடரை அகற்றுக. தொடர் தளர்ந்து நின்று, திரவம் மயிர்த்துளையினுட் புகத் தொடங்கும் கணத்தில் வெப்பமானி காட்டும் அளவே கொதிநிலை.

இனித்தான் இடர் தோன்றும். வெப்பமானி 245 பாகையைக் காட்டியதெனக் கொள்வோம். நூலெண்ணுக்கு 9 பாகை குறைந்தமையால், பொருள் கலப்படமுடையதென மாணவன் முடிவுகட்டக்கூடும். நல்ல சரக்கொன்று வீணே புறந்தள்ளப்படும். உண்மையில் இருவகைத் திருத்தங்கள் எஞ்சியுள்ளன. முதலாவது, எண்ணெய்க்கு வெளியே குளிர்ந்து நிற்கும் இரசத் தம்பத்திற்கு உரியது. வெளியே 200 பாகை நீளமான தம்பம் சராசரி 40 பாகை வெப்பநிலையில் நிற்பின், 0.00016 × 200 × (245 − 40) என்பதாற் பெறுவது ஏறக்குறைய 6.6 பாகை. இரண்டாவது அமுக்கத் திருத்தம். சிட்னி யங்கின் விதிப்படி, 32 மில்லிமீற்றர் குறைவுக்கு 0.00012 × 32 × (251.6 + 273), அஃதாவது 2 பாகை. இரண்டையுங் கூட்டின் 253.6 ஆகும். மலையுயரத்தினும் வெப்பமானியின் தண்டே பெரும்பிழை விளைத்தமை காண்க! பலரும் முன்னதையே நினைந்து பின்னதை மறப்பர்.

இத்துணை திருத்தியும் கொதிநிலை எல்லாவற்றையும் உரைப்பதன்று. கராம்பெண்ணெய் பல கூறுகளின் கலவையாதலின், அதற்கு ஒரே கொதிநிலையின்று. வெப்பநிலை ஏறிக்கொண்டே செல்லும். மறுபுறம், நிலையான வெப்பநிலையிற் கொதிப்பதனைத்தும் தூயதுமன்று: நிறைப்படி 95.6 சதவீத எதனோலும் எஞ்சிய நீரும் சேர்ந்த கலவை 78.2 பாகையில் ஒரே பொருள்போலக் கொதிக்கும். மேலும், கராம்பு மொட்டினின்றும் இலையினின்றும் பெறும் யூஜினோல் ஒன்றே. இலையெண்ணெயை மொட்டெண்ணெயென விற்பவனை யூஜினோலின் கொதிநிலை காட்டிக்கொடாது. அதற்குச் சிறுகூறுகளையும் பிரித்தளக்கும் வாயு நிறப்பதிவு முறையை ஆய்வாளர் நாடுவர்.