ஆஷாக்களுக்குத் தேர்வு உண்டு. ஊதிய விகிதம் இல்லை

புது தில்லி: நாடு முழுவதும் ஏறத்தாழ 10 லட்சம் ஆஷா பணியாளர்கள் உள்ளனர். 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கப்பட்டபோது தாய்-சேய் நலத்தை முன்வைத்து அமர்த்தப்பட்ட இப்பெண்களின் பணிகள், இன்று நீரிழிவு, ரத்த அழுத்தம் குறித்த கணக்கெடுப்பு முதல் வலி தணிப்புச் சிகிச்சை வரை விரிந்துவிட்டன. எனினும், அரசின் ஏடுகளில் அவர்கள் "தன்னார்வலர்கள்".

பணி கூடக்கூட பயிற்சியும் கூடியது. பச்சிளங்குழந்தையை எடை போடுவது, உடல் வெப்பம் பார்ப்பது, ஆபத்து அறிகுறிகளை உணர்வது எனத் திறன்கள் தனித்தனியே வகுக்கப்பட்டன. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் தேர்வும் சான்றிதழும் வந்தன. தேர்ச்சி பெற்றால் ரூ.5 ஆயிரம் ரொக்கப் பரிசு. அத்துடன் சரி. சான்றிதழ் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் மத்திய அரசு நிர்ணயித்துள்ள தொகை ஒன்றே.

அத்தொகை திறனுக்கானது அல்ல, எண்ணிக்கைக்கானது. பிறந்த குழந்தையை 42 நாள்களுக்குள் 6 அல்லது 7 முறை வீடு தேடிச் சென்று பார்த்தால் ரூ.250. அதாவது, ஒரு நடைக்கு 40 ரூபாய் அளவில். வழக்கமான பணிகளுக்கான மாத ஊக்கத்தொகை 2018-ல் ரூ.2,000 ஆனது, 2025-ல் ரூ.3,500 ஆக உயர்த்தப்பட்டது. மாநிலங்கள் தம் பங்குக்குத் தருவது இடத்துக்கு இடம் மாறும். மதிப்பூதியத்தை ரூ.21 ஆயிரமாக்கக் கோரி கேரள ஆஷாக்கள் 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தது இதனால்தான்.

மத்திய அரசு மருத்துவர்களின் நிலை வேறு. 2008-ல் வந்த உத்தரவின்படி, காலியிடம் இல்லாவிட்டாலும் 4, 9, 13, 20 ஆண்டுகளில் அவர்கள் அடுத்தடுத்த நிலைக்கு உயரலாம். பிரிட்டனிலோ 2004-ல் தேசிய சுகாதாரப் பணியாளர்களின் ஊதிய ஏற்றத்தின் குறிப்பிட்ட படிகளில் அறிவு, திறன் மதிப்பீடு இணைக்கப்பட்டது. ஆனால், அங்கு முதலில் ஊதிய விகிதம் என்று ஒன்று இருந்தது.

இங்கே சிக்கல் அதுதான். சான்றிதழுக்கு ஏற்ற ஊதியம் என்று அறிவித்தால், ஆஷா ஓர் ஊழியர் என்பதை ஒப்புக்கொள்ள நேரும்; குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி என்ற கேள்விகள் வரிசையில் வந்து நிற்கும். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013-லேயே பரிந்துரைத்துவிட்டது. உறுப்பினர்கள் அவையில் கேட்கும்போதெல்லாம், "பொது சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு" என்று தொடங்கும் பதிலே வருகிறது. கேட்பவர் எந்தக் கட்சியானாலும், பதிலளிப்பவர் எந்தக் கட்சியானாலும் இதில் பெரிய மாற்றமில்லை.

தேர்வை மட்டுமே அளவுகோலாக்குவதிலும் ஆபத்து உண்டு. எட்டாம் வகுப்புக் கல்வித் தகுதியோடு, சில இடங்களில் அதையும் தளர்த்திச் சேர்க்கப்பட்டவர்கள் இவர்கள். 20 ஆண்டு அனுபவமுள்ள மூத்த பெண் எழுத்துத் தேர்வில் பின்தங்கினால் அவரது ஊதியம் என்னவாகும்? அடிப்படை ஊதியத்தை உறுதி செய்து, அதன்மேல் திறனுக்குக் கூடுதல் தொகை என்பதே நியாயமான வரிசையாக இருக்கும்.

இப்போதைக்கு மேலே செல்ல உள்ள வழிகள் குறைவு. ஆஷாக்களின் மேற்பார்வையாளர் ஆகலாம். அதுவும் ஊக்கத்தொகைப் பணியே. துணைச் செவிலியர் பயிற்சியில் ஆஷாக்களுக்கு முன்னுரிமை தருமாறு மாநிலங்கள் ஊக்குவிக்கப்படுகின்றன. அதற்குப் பள்ளி இறுதிக் கல்வி வேண்டும்.