குறைந்த செலவில் வீட்டுக்குள் சினிமாக் கொட்டகை ஒலி!

இரவு ஒன்பது மணி. டெலிவிஷனில் படம் ஓடுகிறது. கதாநாயகி ஏதோ முணுமுணுக்கிறாள். "என்னடா சொன்னா?" என்று பாட்டி கேட்கிறாள். பேரன் ஒலியைக் கூட்டுகிறான். அடுத்த நிமிஷம் சண்டைக் காட்சி. படார், படார்! தொட்டிலில் தூங்கிய குழந்தை வீறிட்டு எழுகிறது. "குறைச்சுத் தொலை!" என்று அடுக்களையில் இருந்து கூச்சல்.

இந்தக் கூத்து நடக்காத வீடு இன்று குறைவு. பாட்டிக்குக் காது மந்தம் என்று எல்லாரும் முடிவு கட்டி விடுகிறார்கள். பாட்டியும் நாளடைவில் அதை நம்பி, படம் பார்ப்பதையே விட்டு விட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து விடுகிறாள். அனேகமாகக் குற்றம் காதில் மட்டும் இல்லை, பெட்டியிலும் இருக்கிறது.

வசனம் எங்கே போயிற்று?

டெலிவிஷன் பெட்டி வர வர மெலிந்து விட்டது. படம் பெரிதாயிற்று, ஸ்பீக்கருக்கு இடம் இல்லாமல் போயிற்று. சிறிய ஸ்பீக்கர் இரண்டை அடியிலோ முதுகிலோ ஒட்டி விடுகிறார்கள். ஒலி நம்மைப் பார்த்து வராமல், தரையையும் சுவரையும் பார்த்துப் போகிறது.

இது ஒரு பாதி. மறு பாதி படத்திலேயே இருக்கிறது. கொட்டகைக்காகத் தயாராகும் படத்தில் ஒலி ஆறு பங்காகப் பிரிந்து வருகிறது. முன்னால் இடம், நடு, வலம் என மூன்று, பக்கவாட்டில் இரண்டு, இடி முழக்கத்துக்குத் தனியாக ஒன்று. இதைத்தான் 'ஐந்து புள்ளி ஒன்று' என்கிறார்கள். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். நம் வீட்டுப் பெட்டியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். எல்லாவற்றையும் அந்த இரண்டுக்குள் திணிக்கும்போது, வசனம் வாத்திய இரைச்சலுக்கு அடியில் மூழ்கி விடுகிறது.

பேசுகிற ஆள் நிற்கிற இடத்திலிருந்து குரல் வர வேண்டும் என்ற கவலை பழசு. இங்கிலாந்து என்ஜினீயர் ஆலன் பிளம்லீன் இதற்கு வழி கண்டு 1931-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். 1940-ல் வால்ட் டிஸ்னி தம்முடைய 'ஃபான்டேசியா' படத்துக்காகக் கொட்டகையில் பல பக்கமும் ஸ்பீக்கர் வைத்தார். செலவு தாளாமல் அந்த ஏற்பாடு ஒரு சில கொட்டகைகளோடு நின்றது. 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் டால்பி டிஜிட்டல் வந்தது. அன்று செலவுக்குப் பயந்து கைவிட்ட வித்தையை இன்று நடுத்தரக் குடும்பமே வீட்டில் செய்து கொள்ளலாம், ஏமாறாமல் வாங்கினால்!

ஐயாயிரம் வாட் மாயம்

கடையில் முதலில் கண்ணைப் பறிப்பது, அட்டைப் பெட்டி மீது கொட்டை எழுத்தில் இருக்கும் '5,000 வாட்'. அதன் பக்கத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை நம்பாதீர்கள். சாமானைத் திருப்பி, முதுகில் மின்சாரம் எத்தனை வாட் எடுக்கும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். 60 வாட் வாங்கி 5,000 வாட் கொடுக்க எந்த மந்திரவாதியாலும் ஆகாது. 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்ட கணக்குத்தான் கணக்கு.

இன்னொரு ரகசியம். வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு அது சின்ன வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி கூடத்துக்கு, ஸ்பீக்கர் ஒன்றுக்கு நல்ல 30 வாட் கிடைத்தால் தாராளம்.

பழசு மோசமில்லை

ஆறு பங்கையும் பிரித்துக் கொடுக்கும் கருவிக்கு ஏ.வி. ரிசீவர் என்று பெயர். புதிதாக வாங்கினால் பையைக் கடிக்கும். பத்து வருஷம் உழைத்த பழைய ரிசீவரைத் தேடுங்கள். புது மாடல்களில் மாறியது பெரும்பாலும் படத்தைக் கடத்தும் வசதிதான். படம்தான் நேராக டெலிவிஷனுக்குப் போய் விடுகிறதே! டெலிவிஷனிலிருந்து ஒலியை மட்டும் 'ஆப்டிகல்' வயர் மூலம் பழைய ரிசீவருக்குக் கொண்டு வரலாம். ரிசீவரில் டால்பி டிஜிட்டல் வசதியும் ஆப்டிகல் துவாரமும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சென்னைவாசிகளுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. போகும்போது சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் இரண்டு முழ வயரும் கையில் இருக்கட்டும். ரிசீவரின் ஐந்து வாய்களிலும் மாற்றி மாற்றிச் சொருகிப் பாட விட்டுக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

எல்லாம் பூட்டியும் பக்க ஸ்பீக்கர்கள் ஊமையாக இருக்கின்றனவா? டெலிவிஷனின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' என்று இருக்கும். அதை 'டால்பி டிஜிட்டல்' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ரிசீவர் கெட்டு விட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. சில டெலிவிஷன்கள் ஆறு பங்கை வெளியே விடாமல் இரண்டாக்கித்தான் அனுப்பும். ஆகவே காசைக் கொடுக்குமுன் டெலிவிஷனுடைய விளக்கப் புத்தகத்தைப் படித்து விடுவது நல்லது.

பானை செய்த வேலை

ஸ்பீக்கரில் பணத்தை எங்கே போடுவது? முன்னால் வைக்கும் மூன்றில் போடுங்கள்; அதிலும் நடு ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் கூடாது. பாட்டிக்கு வசனம் சொல்லப் போவது அதுதான். மூன்றும் ஒரே ரகமாக இருந்தால், ஆள் நடந்து போகும்போது குரல் மாறாது. பக்கத்து இரண்டும் சாதாரணமாக இருக்கலாம். மழையும் கைதட்டலும்தானே அவற்றில் வரப் போகின்றன. ஒரேயடியாக வாங்க முடியாவிட்டால் இந்த வருஷம் முன் மூன்று, அடுத்த தீபாவளிக்குப் பக்கம் இரண்டு என்று வாங்கலாம்.

தேநீர்க் கடைகளில் மண் பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பாட விட்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது வேடிக்கைக்குச் செய்ததல்ல. ஸ்பீக்கரின் காகிதம் முன்னால் தள்ளும்போதே பின்னால் காற்றை இழுக்கிறது. இரண்டும் கலந்தால் தடித்த ஒலி ஒன்றை ஒன்று தின்று விடும். பானை பின் ஒலியை உள்ளே அடைத்து வைக்கிறது. அதே வேலையைத்தான் மரப் பெட்டியும் செய்கிறது. தெருமுனைத் தச்சரிடம் முக்கால் அங்குலப் பலகையில் காற்றுப் புகாத பெட்டி அடிக்கச் சொன்னால், கம்பெனிப் பெட்டியை விடச் செலவு குறையும். பெட்டியின் கொள்ளளவு மட்டும் ஸ்பீக்கருக்குத் தக்கபடி இருக்க வேண்டும்.

வயரில் காசைக் கொட்ட வேண்டாம். எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். ஐந்து மீட்டர் தூரத்துக்கு, போக வர, அதன் தடை ஓர் ஓமில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிப் பூட்டக் கூடாது. மாறினால் தாளமே செத்துப் போகும். குறி அழிந்த ஸ்பீக்கரானால் டார்ச் பாட்டரி ஒன்றை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். காகிதம் வெளியே தள்ளினால், பாட்டரியின் கூட்டல் முனை தொட்ட இடமே கூட்டல்.

அளவு நாடா எடுங்கள்

நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் நேர்க்கோட்டுக்கு 30 டிகிரி விலகி இருக்க வேண்டும். மற்ற இரண்டையும் எல்லாரும் பின் சுவரில் மாட்டுகிறார்கள். அது சரியல்ல. காதுக்குப் பக்கவாட்டில், சற்றே பின் தள்ளி, 110 டிகிரியில், தலைக்கு மேல் இருக்கட்டும்.

ஒலி ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் ஓர் அடிக்குச் சற்று மேல்தான் போகும். பக்க ஸ்பீக்கர் நாலு அடியிலும் முன் ஸ்பீக்கர் பத்து அடியிலும் இருந்தால், பக்கத்து ஒலி முந்தி வந்து கவனத்தை இழுக்கும். ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் பதிய இடம் உண்டு. நாடா வைத்து அளந்து பதியுங்கள். அது கணக்குப் பார்த்துத் தாமதப்படுத்தி விடும். அங்கேயே நடு ஸ்பீக்கரை மட்டும் 2, 3 டெசிபல் உயர்த்தி விடலாம். 'நைட் மோட்' என்று இருந்தால், படார் சத்தத்தை அமுக்கி முணுமுணுப்பைத் தூக்கிக் கொடுக்கும். இதற்கெல்லாம் தம்பிடிச் செலவில்லை.

கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். 'டங்' என்று எதிரொலித்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் பிரயோசனப்படாது. தரையில் ஜமக்காளம், ஜன்னலில் கனத்த திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி. இவை மூன்றும் வந்த பிறகு மறுபடி தட்டிப் பாருங்கள்.

இடி முழக்கத்துக்கான சப்வூஃபரைக் கடைசியாக வாங்கினால் போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது. ஆகவே எங்கும் வைக்கலாம். ஆனால் எங்கும் ஒன்று போலக் கேட்காது. இடம் பார்க்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. நீங்கள் உட்காரும் நாற்காலியில் சப்வூஃபரை வைத்துப் பாட விடுங்கள். நீங்கள் தரையில் தவழ்ந்து சுவரோரமாக வாருங்கள். எந்த இடத்தில் மிருதங்கத்தின் தொப்பி திமுதிமு என்று குழம்பாமல் சுத்தமாகக் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கு இடம். அந்த இடம் அடுத்த வீட்டுக்காரரோடு பொதுச் சுவராக அமைந்து விட்டால், அதற்கு அடுத்தபடியான இடத்தைத் தேடித் தவழுங்கள்.