சிவப்புக் கோடும் கியரும்

மகிழுந்தின் முகப்பில், வேகமானிக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் 1 முதல் 7 அல்லது 8 வரை எண்களும் கடைசியில் ஒரு சிவப்புக் கோடும் இருக்கும். எந்திரம் ஒரு நிமிடத்திற்கு எத்தனை ஆயிரம் முறை சுழல்கிறது என்பதை அது காட்டுகிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்து ஓட்டுகிறோம்?

சிறிய பெட்ரோல் எந்திரங்களுக்குப் பெரும்பாலும் 6,000 முதல் 6,500 சுழற்சி வரைதான் வரம்பு. பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடி ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்புகிறது. சுழற்சி இரு மடங்கானால் அதைத் திருப்பும் விசை நான்கு மடங்காகிறது. வால்வுகளை மூடுவது சுருள்வில். வரம்பு மீறினால் வில் வேலையை முடிப்பதற்குள் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கலாம். அத்துடன் எந்திரத்தின் கதை முடிந்தது.

1985 ஜூலையில் அறிமுகமான முதல் புரோட்டோன் சாகாவில் எரிபொருளை அளந்து கொடுத்தது கார்புரேட்டர். வரம்பு வந்ததும் எரிபொருளை நிறுத்தக் கணினி இல்லை; ஓட்டுநரின் காதுதான் காவல். இன்றைய கார்களில் சிவப்புக் கோட்டை நெருங்கியதும் கணினியே எரிபொருளை நிறுத்திவிடுகிறது. எவ்வளவு மிதித்தாலும் சுழற்சி ஏறாது.

அப்படியானால் மேனுவல் கார் ஓட்டுவோருக்குக் கவலை இல்லையா? இருக்கிறது. மாடு வண்டியை இழுக்கும். ஆனால் இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும். அதுபோலச் சக்கரமும் எந்திரத்தைச் சுழற்றும். அப்போது எரிபொருளை நிறுத்தி என்ன பயன்?

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில், சுற்றளவு 1.8 மீட்டர் உள்ள சக்கரம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,020 முறை உருளும். அது ஒரு முறை உருள, எந்திரம் ஐந்தாம் கியரில் 3.1 முறையும் நான்காம் கியரில் 3.9 முறையும் இரண்டாம் கியரில் 7.8 முறையும் சுழல்வதாகக் கொள்வோம். அப்படியென்றால் சுழற்சி முறையே சுமார் 3,200, 4,000, 8,000. முந்திச் செல்ல ஐந்திலிருந்து நான்குக்கு இழுக்கும் கை சற்று இடப்பக்கம் சாய்ந்தால் இரண்டில் விழுந்துவிடும். கிளட்சை விட்ட கணமே எந்திரம் 8,000-க்குத் தள்ளப்படும். 6,500-இல் தாங்கிய விசையைப்போல் இது ஒன்றரை மடங்கு.

ஆட்டோ கியரில் இந்த ஆபத்து மிகக் குறைவு. 'டி'யில் முழுதாக மிதித்தாலும் சிவப்புக் கோட்டுக்கு முன்பே மேல் கியருக்கு மாறிவிடும். கீழ்க் கியரை நாமே கேட்டாலும், சுழற்சி வரம்பு மீறும் எனக் கணினி கணித்தால், வேகம் குறையும்வரை தருவதில்லை. நின்ற நிலையில், 'பி'யிலோ 'என்'னிலோ வீணாக உறுமவிடுவதையும் பல கார்கள் 4,000 அளவிலேயே தடுத்துவிடுகின்றன.

ஆனால் ஆட்டோ காருக்கு வேறொரு ஆபத்து உண்டு. கோப்பெங்கில் வளர்ந்த எனக்குச் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை வீட்டுக்கு அருகில் உள்ள சாலை. விடுமுறை நாள்களில் அதில் இறங்கும் கார்களைப் பாருங்கள். பலவற்றின் பின்விளக்கு அணைவதே இல்லை. 'டி'யில் விட்டுப் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குகிறார்கள். பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிமானம் குறையும். 2013 ஆகஸ்டு 21-இல் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது. மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

இறக்கம் தொடங்கும் முன்பே, வேகம் குறைவாக இருக்கும்போதே கீழ்க் கியருக்கு மாறுங்கள். மேனுவலில் இரண்டு அல்லது மூன்று. ஆட்டோவில் உங்கள் காரில் உள்ளபடி '2', 'எல்', 'எஸ்' அல்லது 'பி' என்னும் இறக்கத்துக்கான நிலை. (நிறுத்தும் 'பி' அல்ல, ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து.) எந்திரம் 3,000 அல்லது 4,000 சுழற்சியில் இரைந்தால் அஞ்ச வேண்டாம். அது சிவப்புக் கோட்டுக்கு வெகு தொலைவு. அந்த இரைச்சல் எந்திரம் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஓசை.

எண்ணெய் மிச்சமாகும் என்று ஃப்ரீ கியரில் உருளவிடுவோரும் உண்டு. உண்மை நேர்மாறானது. கியரில் இறங்கும்போது சக்கரமே எந்திரத்தைச் சுழற்றுவதால் கணினி எரிபொருளை நிறுத்திவிடுகிறது. ஃப்ரீ கியரிலோ எந்திரம் அணையாமலிருக்க எண்ணெய் செலவாகும். வண்டியைப் பிடிக்கவும் ஆளில்லை.

மேனுவல் ஓட்டுவோர் சிவப்புக் கோட்டுக்கு அஞ்ச வேண்டும்; ஆட்டோ ஓட்டுவோர் அதற்கு அளவுக்கு மீறி அஞ்சக் கூடாது. தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றில், கார் என்பது பல ஆண்டுச் சேமிப்பு. அதில் ஏறும் உயிர்களுக்கோ விலையே இல்லை. அடுத்த விடுமுறைக்கு மலையேறும் முன், அந்த இரண்டாம் வட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புறப்படுவோம்.