பி.டி. பீரியட் – 9: உச்சந்தலைக்கு வேலையில்லை

போன வாரம் ஓட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் குட்டிக்கரணம்.

ஆறாம் வகுப்பில் போய் "யாருக்கெல்லாம் குட்டிக்கரணம் வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு வரும் சார், எனக்கு வரும் சார்" என்று பாதி வகுப்பு எழுந்து நிற்கும். வீட்டு மெத்தையிலும் வைக்கோல் போரிலும் தானாகப் பழகியது அது. போடச் சொன்னால் பெரும்பாலோர் உச்சந்தலையைத் தரையில் ஊன்றுவார்கள், காலை உதைப்பார்கள், முதுகு தொப்பென்று விழும், மல்லாந்து கிடந்தபடியே நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்காமல் அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் பி.டி. மாஸ்டரின் வேலை.

ஏன் மாற்ற வேண்டும்? கழுத்தில் ஏழு எலும்புகள். நிமிர்ந்திருக்கும்போது அவை முன்பக்கமாக லேசாக வளைந்து நிற்கும். மேலிருந்து வரும் அதிர்ச்சியைத் தாங்க உதவுவது அந்த வளைவு. தலையைக் கொஞ்சமாகக் குனிந்தால் வளைவு நிமிர்ந்து, ஏழும் ஒரே கோட்டில் வந்துவிடும். அந்த நேரத்தில் உச்சந்தலை தரையில் முட்டி, உடம்பின் எடை பின்னாலிருந்து தள்ளினால் அழுத்தம் முழுதும் கழுத்தெலும்பில்தான் இறங்கும். தாடை நெஞ்சோடு ஒட்டும் அளவுக்குக் குனிந்து, எடையைக் கையில் வாங்கிக்கொண்டால், தரையில் இறங்குவது தோள்பட்டையும் மேல்முதுகும்தான். குனியாதவனைவிட அரைகுறையாகக் குனிகிறவனைத்தான் நான் அதிகம் கவனிப்பேன்.

சோவியத் வீராங்கனை எலினா முகினாவின் கதை ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர்கள் மறக்கக் கூடாத ஒன்று. 1978இல் ஸ்ட்ராஸ்பர்க் உலகப் போட்டியில் ஒட்டுமொத்தப் பட்டம் வென்றவர். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரமே இருந்தபோது, மின்ஸ்கில் 'தாமஸ் சால்ட்டோ' பயிற்சி செய்துகொண்டிருந்தார். காற்றில் ஒன்றரைச் சுற்று, அதோடு ஒன்றரைத் திருகல். இறங்குவது பாதத்தில் இல்லை, நேராக முன்னுருளலில். முந்தைய ஆண்டு முறிந்த கால் முழுதாகத் தேறியிருக்கவில்லை. சுற்று முடிவதற்குள் தரை வந்துவிட்டது; தாடை மோதிக் கழுத்து முறிந்தது. அப்போது அவருக்கு வயது 20. கை கால் செயலிழந்த நிலையில் 2006 வரை வாழ்ந்தார். காற்றிலிருந்து நேரே உருளலில் இறங்கும் அந்த வகை வித்தைகள் முதலில் பெண்களுக்கும், 2017 முதல் ஆண்களுக்கும் தடை செய்யப்பட்டன. நம் பிள்ளைகள் போடும் கரணத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம்தான். ஆனாலும், "சும்மா உருளுறதுதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு முகினா ஞாபகம் வந்துவிடும்.

அதனால் முதல் இரண்டு மூன்று வகுப்பில் கரணமே கிடையாது. அங்கப்பிரதட்சணம் செய்வதுபோல் கையை மேலே நீட்டிப் படுத்து உருளச் சொல்லுங்கள். கோயிலில் பார்த்திருப்பதால் விளக்கமே தேவைப்படாது. அடுத்தது, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவது. முதுகை வளைக்கத் தெரிந்தவர் யார், பலகையாக வைத்திருப்பவர் யார் என்பது இதிலேயே தெரிந்துவிடும். பலகை முதுகுக்காரர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

பிறகு ஒரு கைக்குட்டை. நாலாக மடித்துத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே வைத்து, அது விழாமல் ஆடச் சொல்லுங்கள். கைக்குட்டை விழுந்தால் தாடை தூக்கிவிட்டது என்று பொருள். நாம் "தாடை, தாடை" என்று தொண்டை வற்றக் கத்துவதைவிட இது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

கரணத்துக்கு வரும்போது ஒரு சரிவு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சாய்வு மேட் எல்லாப் பள்ளியிலும் இருக்காது. மைதானத்து ஓரத்தில் கல், முள் இல்லாத புல்மேடு போதும். குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, தோள் அகலத்துக்குக் கையை ஊன்றி, "உன் தொப்புளைப் பாருடா" என்றால் தலை தானாக உள்ளே போகும். இடுப்பு மேலே எழும்பும். கை மடங்கி எடையை மெதுவாக இறக்கும். மேல்முதுகு, நடுமுதுகு, இடுப்பு என்று வரிசையாகத் தரையில் படும். குதிகாலை உடம்போடு ஒட்டி வைத்து, கையை முன்னால் நீட்டினால் எழுந்துவிடலாம். எழ முடியாமல் கையைத் தரையில் ஊன்றினால் முதல் மாதத்தில் பரவாயில்லை. தலை இடித்தால் மட்டும் பரவாயில்லை என்று விடக் கூடாது. ஒரு படி பின்னால் போக வேண்டும்.

உதவி செய்கிறவர் பக்கவாட்டில் மண்டியிட வேண்டும். ஒரு கை பின்னந்தலையில், குனிய வைக்க; இன்னொரு கை தொடையின் பின்பக்கம், வேகத்தைக் கட்டுப்படுத்த. பின்னால் நின்று தள்ளுவது உதவியே இல்லை. எங்கே கை வைக்கப்போகிறோம் என்பதை எல்லார் முன்னாலும் முதலிலேயே சொல்லி, பிள்ளையின் சம்மதம் கேட்டுவிடுங்கள். "வேண்டாம் சார்" என்கிற பிள்ளைக்குச் சரிவும் கைக்குட்டையும் இருக்கிறது.

மேட் விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் உண்டு: மெத்தென்று இருந்தால் பத்திரம் என்று. இலவம்பஞ்சு மெத்தையில் தலை புதைந்து நின்றுவிடும், உடம்பு மட்டும் உருளும். கழுத்து நடுவில் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் கெட்டியாக இருப்பதே நல்லது. ரெக்சின் மேட் சிமென்ட் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டு மேட்டைச் சேர்த்துப் போட்டால் நடுவில் உள்ள இடைவெளியில் கை இறங்கும். பழைய தென்னைநார் மேட்டில் தையல் விட்ட மேடுபள்ளத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

தடவ வேண்டியது மேட்டை மட்டுமா? கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் பேனா, பெல்ட் பக்கிள், ஹேர்பின், மடித்துக் கட்டிய ரெட்டைச் சடையில் ரிப்பன் முடிச்சு. எல்லாரும் மறப்பது அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து. உருளும்போது சரியாக முதுகெலும்புக்குக் கீழே வந்து நிற்கும். கழற்றச் சொன்னால் வீட்டில் சண்டைக்கு வருவார்கள். முன்பக்கமாக நகர்த்தி, டவுசருக்குள் செருகிக்கொள்ளச் சொன்னால் போதும்.

நாற்பது பிள்ளைக்கு ஒரு மேட் என்றால் வரிசை நீளும். வரிசை நீண்டால் பின்னால் நிற்பவன் தள்ளுவான், முன்னால் இருப்பவன் அவசரப்படுவான். எனவே காத்திருப்பவர்களுக்கு ஆடுவதும் உருளுவதும் புல்லில் தனியாக நடக்கட்டும். மதிய உணவு முடிந்த உடனே வரும் பீரியடில் இது எதுவும் வேண்டாம். காதுவலி, தலைசுற்றல், பழைய கழுத்துக் காயம் உள்ளவர்கள் அன்றைக்கு ஸ்கோர் எழுதட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அவர்களை உருளவிடக் கூடாது. கரணம் போட்டபின் கழுத்து வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். அசைக்காமல் அப்படியே விட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

பின்னுருளல் என் பட்டியலில் கடைசி. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? சின்னப் பிள்ளைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கை குட்டை, அதனால் எட்டாது. பின்னுருளலிலும் சிக்கல் அதுதான். காதருகே உள்ளங்கையை ஊன்றித் தரையைத் தள்ளி, தலை தாண்டுவதற்கு இடம் விட வேண்டும். கை நீளமும் பலமும் போதாத பிள்ளைக்கு எடை முழுக்கக் கழுத்தில் உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு ஜூடோக்காரர்கள் விழும்போது செய்வதுபோல் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கத் தோள் வழியாக உருளக் கற்றுக்கொடுங்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. ஆண்டு விழா மேடைக்கு பின்னுருளல்தான் வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டால், இந்த வருஷம் பிரமிடு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள்; அதன் வில்லங்கத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)