'ரைட்' என்னும் ஒரு சொல்

பேருந்து நடத்துநர் 'ரைட்' என்று குரல் கொடுத்தால் வண்டி புறப்படுகிறது. வழி காட்டுபவர் அச்சொல்லைக் கூறினால் வலப்பக்கம் திரும்புகிறோம். ஆசிரியர் கூறினால் நம் விடை சரியென்று அறிகிறோம். திசையைச் சுட்டும் ஓர் ஆங்கிலப் பெயரடை இத்தனை பொருள்களை எவ்வாறு பெற்றது?

பழைய ஆங்கிலத்தில் 'ரிஹ்ட்' என வழங்கிய இச்சொல்லின் முதற்பொருள் வலப்பக்கம் அன்று. 'நேரான', 'முறையான' என்பனவே. 90 பாகைக் கோணத்தை 'ரைட் ஆங்கிள்' என்பதில் அப்பழம்பொருள் இன்றும் நிலைத்திருக்கிறது. அதனைத் தமிழில் செங்கோணம் என்கிறோம். செம்மை என்பதற்கு நேராக இருத்தல் என்பதும் ஒரு பொருளாகும். முறை தவறாத ஆட்சி செங்கோல். முறை தவறியது கொடுங்கோல். நேராக நிற்பதை அறமாகக் காணும் சிந்தனை இரு மொழிகளுக்கும் பொதுவானது எனலாம்.

அக்காலத்தில் ஆங்கிலேயர் வலக்கையை 'வலிமை மிகுந்த கை' எனப் பொருள்படும் வேறொரு சொல்லால் குறித்தனர். தமிழிலும் 'வலம்' என்பதற்கு வலிமை, வெற்றி என்னும் பொருள்கள் உண்டு. பெரும்பாலோர் பயன்படுத்தும் கையே முறையான கை என்னும் எண்ணத்தால், 'ரைட்' பின்னர் வலப்பக்கத்திற்கும் பெயராயிற்று. 'லெஃப்ட்' என்பதன் பழம்பொருளோ 'வலிமையற்ற' என்பதாகும்.

சொல்லில் படிந்த இக்கருத்து வாழ்விலும் படிந்திருந்தது. மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். அத்தகைய குழந்தைகளைக் கண்டித்து வலக்கையால் எழுதச் செய்யும் வழக்கம் பல நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்தது. பெரும்பான்மையோரின் பழக்கம் 'சரி' எனப் பெயர் பெற்றபோது, அதற்கு மாறானது 'பிழை' எனக் கருதப்பட்டது. இயற்கையில் அமைந்த ஒரு வேறுபாடு குற்றமாகிவிட்டது.

எனவே, இச்சொல்லை மொழிபெயர்ப்போர் இடமறிந்து பொருள் கொள்ளுதல் வேண்டும். 'ரைட் ஹேண்ட்' என்பது வலக்கை. 'ரைட் ஆன்சர்' என்பது சரியான விடை. 'ரைட் ஆங்கிள்' என்பது செங்கோணம். அச்சொல்லே பெயர்ச்சொல்லாக வரும்போது உரிமை என்றும் பொருள்படும். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியவற்றைத் தமிழ் வெவ்வேறு சொற்களால் பிரித்துக் காட்டுகிறது. அப்பிரிவினை நம் சிந்தனைக்கும் துணை செய்யும். வலம் என்பது ஒரு பக்கம். சரி என்பது ஒரு மதிப்பீடு. இடக்கையால் எழுதினும் சரியான விடை சரியான விடையே.